மரவாழை கொடுத்த வாக்கு

செடிகொடிகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையில் ஒரு பலாமரத்தின் தண்டைப் பற்றிக்கொண்டு ஒரு மரவாழை வாழ்ந்தது. இன்று ஆர்க்கிட் என்று சொல்லித் தொட்டியோடு வாங்கி வருகிறோமே, அதன் குலம்தான். அப்போது அதன் வேர்களுக்கு எந்நேரமும் ஒரே நிறம், பலாப்பட்டையின் பழுப்பு நிறம். பாதி வேர்கள் பட்டையைப் பிடித்திருக்கும், மீதி காற்றில் தொங்கும். மழை வந்து நனைத்துவிட்டுப் போகும், பின்னாலேயே காற்று வந்து உலர்த்திவிடும்.

அந்தப் பலாமரத்தடியில்தான் மாதியின் வீடு. மாதிக்கும் மரவாழைக்கும் பேச்சு ஓயாது. தேன்சிட்டு யாரோடு சண்டை போட்டது, எந்தப் பாறையில் புதிதாகத் தேன்கூடு கட்டியிருக்கிறது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மாதியை ஆற்றோரத்து ஊரில் பானை வனையும் சடையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புறப்படும் நாளில் மரவாழை கேட்டது:

"அக்கா, நானும் வரட்டுமா?"

"அங்கே மேகம் இறங்காதாம்."

"நீ இருப்பாயில்லையா?"

மாதி மறுபேச்சுப் பேசாமல் அதைப் பட்டையோடு பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டாள்.

ஆற்றோரத்து வீட்டில் மாதிக்கு ஒரு குறையும் இல்லை. சடையன் சாது. அவன் தாய் வீராயி, மருமகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, "இன்னொரு கை போட்டுக்கோ அம்மிணி" என்பாள். கொல்லைப்புறத்துச் செடிகளும் மோசமில்லை. முருங்கைக்கு எப்போதும் ஏதாவது வலி இருக்கும். பூசணிக்கொடி வேலியைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுச் சேதியோடு திரும்பும். அந்த முருங்கைத் தண்டில்தான் மாதி மரவாழையை நார் போட்டுக் கட்டியிருந்தாள். தாகம் எடுத்தால் அது கூப்பிடும். மாதி ஓடிவந்து தெளிப்பாள். போதும் என்றால் நிறுத்துவாள்.

ஆனால் மரவாழைக்கு மலையை மறக்க முடியவில்லை. பொழுது விடிந்தால் போதும், தொடங்கிவிடும்.

"அக்கா, இந்நேரம் மேகம் வாசல் வரைக்கும் வந்திருக்கும். உன் அம்மா கையால் துழாவித் துழாவி விறகு எடுப்பாள்."

"ஆமா."

"பலா பழுத்திருக்கும். வாசனைக்குக் கரடி வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

கேட்கக் கேட்க மாதிக்குக் கண் நிறைந்துவிடும். மண் பிசையும்போது அழுவாள், அடுப்பூதும்போது அழுவாள். கேட்டால் புகை என்பாள். ஒருநாள் சூளைக்குப் பின்னால் வீராயி மகனிடம் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"நம்ம வீட்டுல என்ன குறைடா சடையா? அந்தப் புள்ள மொகத்தைப் பாக்க முடியல. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

மாதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை அன்பாக வைத்திருப்பவர்களை இப்படி வருந்த வைத்துவிட்டோமே என்று நேராக முருங்கையடிக்கு வந்தாள்.

"இனிமேல் நீ பேசக்கூடாது" என்றாள்.

"மலையைப் பற்றியா அக்கா?"

"எதைப் பற்றியும் வாய் திறக்காதே. உன் குரல் கேட்டாலே எனக்கு மலை ஞாபகம் வந்துவிடுகிறது. வாக்குக் கொடு."

செடிகள் கொடுக்கும் வாக்கு அந்தக் காலத்தில் விளையாட்டுக் காரியமில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டால் கொடுத்த செடி நினைத்தாலும் மாற்ற முடியாது, வாங்கியவர் விட்டுக்கொடுத்தாலும் முடியாது. அது மாதிக்கும் தெரியும். அன்றைய வேதனையில் அவள் யோசிக்கவில்லை.

"சரி அக்கா" என்றது மரவாழை. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

மாதி அழுவது குறைந்தது. வீராயிக்கு நிம்மதி. சடையனுக்கு அதைவிட மகிழ்ச்சி. மனைவி மலையிலிருந்து கொண்டுவந்த செடி அநாதை மாதிரி முருங்கையில் தொங்குவானேன் என்று, வழவழவென்று ஒரு தொட்டி வனைந்தான். சொட்டு நீர் கசியாத தொட்டி. ஆற்று வண்டலை நிரப்பி மரவாழையை அதில் நட்டு, வேர் வெளியே தெரியாமல் அமுக்கிவிட்டான்.

"இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்குது" என்றான்.

மரவாழையின் வாயை அடைத்த குற்றவுணர்ச்சி மாதியை அரித்தது. அதற்கு ஈடாகக் காலையில் ஒரு செம்பு நீர் ஊற்றினாள், மாலையில் ஒரு செம்பு ஊற்றினாள். அரிசி களைந்த நீரை வீராயி தன் பங்குக்கு ஊற்றினாள். வேண்டும் என்றோ போதும் என்றோ சொல்ல அதற்கு வாயில்லை. கொஞ்ச நாளில் இலைகள் துவண்டு சுருங்கின. தாகம் போலிருக்கிறது என்று மாதி இன்னும் ஊற்றினாள். இலைகள் மஞ்சளாயின.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள்.

மரவாழை வாய் திறக்கவில்லை.

முருங்கைதான் பொறுக்கமாட்டாமல், "அம்மா, அந்தத் தொட்டிப் பக்கமிருந்து புளித்த கஞ்சி நாற்றம் வருகிறது, பார்" என்றது.

மாதி செடியைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வேர்களெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தன. ஒன்றை விரலால் தொட்டதும் தோல் வழுக்கிக் கழன்றது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். மூச்சு முட்டி முட்டிச் செத்த வேர்கள். அத்தனை நாளும் அது ஒரு முனகல் முனகவில்லை.

மாதி போட்ட கூச்சலில் வீராயியும் சடையனும் ஓடிவந்தார்கள்.

"நான்தான் அத்தை கொன்னுட்டேன்! மலையைப் பத்திப் பேசிப் பேசி என்னை அழவைக்குதுன்னு, வாயே தெறக்காதேன்னு வாக்கு வாங்கிட்டேன். நீங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அத்தை..."

வீராயி அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட கிறுக்குப் புள்ள! மலையைப் பத்திப் பேசினா எனக்கு என்ன நோவுது? அடிவாரம்கூட நான் பாத்ததில்ல. என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் உக்காந்து கேட்டிருப்பேனே."

சடையன் செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறுப்புக்கு நடுவே இரண்டொரு வேர் இன்னும் கெட்டியாக இருந்தது.

"மலையில இது எப்படி இருந்துச்சு, மாதி? ஒண்ணுவிடாமச் சொல்லு."

மாதி அழுகையோடு சொன்னாள். பட்டையைப் பிடித்திருக்கும், காற்றில் தொங்கும், நனையும், உடனே உலரும், மண்ணென்ற ஒன்றை அது பார்த்ததே இல்லை என்றாள். சடையன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அதைக் கேக்காம நான் பாட்டுக்குப் பொதைச்சு வெச்சேனே!"

அரிவாளை நெருப்பில் காட்டி, அழுகிய வேர்களை மாதியே ஒவ்வொன்றாக அறுத்தாள். வெட்டுவாயில் வீராயி மஞ்சள் பொடியை அப்பினாள், மிஞ்சிய வேர்களின் மேல் சூளையின் வெண்சாம்பலைத் தூவினாள். சடையன் சக்கரத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு தொட்டி வனைந்து, ஈரம் காயுமுன் அடியிலும் பக்கத்திலும் விரலால் ஓட்டை போட்டான்.

வேலிக்கு அந்தப்பக்கமாகப் போன ஊர்க்காரன் ஒருவன் நின்று, "என்ன சடையா, ஓட்டைத் தொட்டி செய்யறே?" என்று சிரித்தான்.

"என் வீட்டுச் செடி மூச்சு விடணும், அண்ணே" என்றான் சடையன், நிமிர்ந்து பார்க்காமல்.

தொட்டி வெந்து ஆறியதும் மண் போடவில்லை. சூளைக் கரித்துண்டுகளையும் விறகிலிருந்து உரித்த மரப்பட்டையையும் இடைவெளி விட்டுப் போட்டு, அதன்மேல் மரவாழையை உட்கார வைத்தார்கள். வெயில் நேராகப் படாத, காற்றுப்போகும் இடத்தில் தொங்கவிட்டார்கள்.

"நான் வாங்கின வாக்கு வேண்டாம்மா, பேசும்மா" என்று மாதி கெஞ்சினாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அது பேசவில்லை. அதனால் மாதியே பேசினாள். மேகம் வாசலுக்கு வருவதை, கரடி பலாவைத் தேடி வருவதை, அம்மா விறகு துழாவுவதையெல்லாம் அதனிடம் சொன்னாள். வீராயி முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்பாள். மாதிக்கு அப்போதும் கண் நிறையும். இப்போது மறைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், தண்டின் அடியிலிருந்து புதிதாக ஒரு வேர் எட்டிப்பார்த்தது. பழைய பழுப்பு இல்லை. தூவிய சாம்பலையே போர்த்திக்கொண்டது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. மாதி கையில் நீரை அள்ளி அதன்மேல் விட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாக மாறியது. காற்று அடித்து உலர்ந்ததும் மறுபடி வெளுத்தது. நீர் விட்டாள், பச்சையானது.

"அத்தை!" என்று கத்தினாள். "இங்க வாங்க! தாகம்னா வெளுக்குது, போதும்னா பச்சையாகுது! பேசுது அத்தை, பேசுது!"

வாயால் பேசுவதில்லை என்றுதானே மரவாழை வாக்குக் கொடுத்திருந்தது? வேரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே.

அன்று முதல்தான் மரவாழையின் வேர் தாகத்தில் வெளுக்கிறது, நீர் கண்டால் பச்சையாகிறது. அதை வளர்ப்பவர்களும் செம்பைச் சாய்க்கும் முன் குனிந்து, வேர் என்ன சொல்கிறது என்று ஒருகணம் பார்க்கிறார்கள்.