சுருங்கிய வட்டம்

டாக்டர் தணிகாசலம் நடந்து வந்தால் ஸ்ட்ரெச்சரும் ஒதுங்கி வழிவிடும். அப்பேர்ப்பட்ட சர்ஜன், அன்று காலை கிருமிப் பரிசோதனைக் கூடத்து வாசலில் பள்ளிப்பிள்ளை மாதிரி நின்றார். உள்ளே இருந்த டாக்டர் பரிதா அவருடைய பழைய மாணவி. அவர் கையால் ஒருமுறை பெயிலானவள்.

"ஏழாம் படுக்கை எபனேசர், லாரி டிரைவர். நான் ஆபரேஷன் பண்ணின காலு சீழ் பிடிச்சிருச்சும்மா. எந்த மருந்துக்கும் கேக்கல. பூட்டி வச்சிருக்கிற கடைசி மருந்தை எடுக்க உன் கையெழுத்து வேணும். இல்லேன்னா காலை எடுக்கணும்."

பரிதா மறுபேச்சில்லாமல் போட்டாள். நர்ஸ் தாளோடு ஓடினாள்.

"கால் தப்பிச்சிருமா?"

"இந்த மருந்துக்கு இன்னும் கேக்குது சார். தப்பிச்சிரும்."

சர்ஜன் நகரவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கிருமிக்கு யாரும்மா டியூஷன் எடுத்தது?"

பரிதா இரண்டு கண்ணாடித் தட்டுகளை அவர்முன் வைத்தாள். இரண்டிலும் கிருமி வளர்ந்திருந்தது. இரண்டின் நடுவிலும், வார்டில் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தில் ஒரு வில்லை. இடப்பக்கத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வளையல் அகலத்துக்கு வெறும் வட்டம். வலப்பக்கத்திலோ கிருமி வில்லையை ஒட்டிச் சம்மணம் போட்டிருந்தது.

"இடப்பக்கக் கிருமி பன்னிரண்டு வருஷம் முன்னாடி உங்க வார்டுல எடுத்து, உறைய வச்சிருந்தது. வலப்பக்கம் எபனேசரோடது."

"மருந்து மட்டமோ?"

"ரெண்டு வில்லையும் ஒரே டப்பா சார்."

சர்ஜன் குனிந்து குனிந்து பார்த்தார். "நடுவுல என்னதான் நடந்தது?"

"எட்டாம் படுக்கைக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"இந்த வில்லையில இருக்கிற மருந்துதான்."

"காய்ச்சலா?"

"இல்ல."

"சீழ்?"

"சேச்சே! என் தையலா கொக்கா? எதுக்கும் இருக்கட்டும்னு..."

"ஒன்பதாம் படுக்கை?"

"அதுவும்... எதுக்கும் இருக்கட்டும்னு."

"பத்து?"

அவர் வாயைத் திறக்குமுன் பரிதா தோளை அகட்டி, தொண்டையைக் கனைத்து, அவர் குரலிலேயே இழுத்தாள்: "எதுக்கும் இருக்கட்டும்மா!"

அச்சு அசல். சர்ஜனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நின்றும் போனது.

"பன்னிரண்டு வருஷமா தினம் தினம் அடிச்சேனே. இத்தனை அடியையும் வாங்கிட்டு அது எப்படிம்மா தப்பிச்சது?"

"அடிக்கு அடங்கினதெல்லாம் அன்னைக்கே செத்துப்போச்சு சார். அடங்காதது மட்டும்தான் பிள்ளை பெத்துச்சு."