நுனி இலை வெப்சைட்

சட்டிப்பாளையத்து நாச்சிமுத்து மாஸ்டர் நானூறு கல்யாணத்துக்குச் சமைத்துப் போட்டவர். தன் கல்யாணத்துக்கு மட்டும் அடுப்பு மூட்ட முடியாமல் முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, டிகாக்ஷன் எப்படி இறக்குவது என்று பெண்ணுக்குப் பாடம் எடுத்தால் வேறு என்ன நடக்கும்?

கடைசியில் சுகந்தியைப் பார்த்தார். அவள் டம்ளரை நீட்டும்போதே, "டிகாக்ஷன் சரியா இறங்கலீங்க, எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் அந்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்தார். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பழனிக்குப் போய்விடுவது என்று முடிவும் செய்துகொண்டார்.

ஆனால் சுகந்தியின் அப்பா ராக்கியப்பன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சும்மா விடுவாரா? ஒரு கொக்கி போட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இந்தக் காலத்துல வெப்சைட் இல்லாத ஆள நம்பி எப்படிங்க பொண்ணு குடுக்கறது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு போட்டுக் காட்டுங்க. புதுசாக் 'கூடாரம்'னு ஒரு தளம் வந்திருக்குதாம், அதுலயும் உங்க பேரு வரோணும். நான் முழுசாப் பாத்து முடிச்சு எந்திரிச்சதும் தட்டு மாத்திக்கலாம்."

மாஸ்டருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தன் ஆட்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு ரெஜினாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். செங்கோடன் சாம்பார், ஆறுச்சாமி இனிப்பு, மாரப்பன் பந்தி விசாரிப்பு. மூவருக்கும் சேர்த்து யோசிக்கும் பொறுப்பு மாஸ்டருடையது. தான் யோசித்தால் தப்பாது என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

"இந்த வருஷம் டிரெண்ட் என்னன்னா சார்," என்று ரெஜினா ஆரம்பித்தாள், "வெப்சைட் பக்கத்துல நிறைய காலி இடம் விடணும். மூணு நொடிக்குள்ள ஏதாவது ஒண்ணு கண்ணுல படணும், இல்லேன்னா வந்தவங்க எழுந்து போயிடுவாங்க. அப்புறம், தள்ளத் தள்ள முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்கணும்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவுதானா வெப்சைட்? இதைத்தானே இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

"காலி இடம் நடுவுலதானுங்களே?" என்று கேட்டார் செங்கோடன்.

"பின்ன? ஓரத்துல விட்டா சோத்த எங்க போடறது?" என்றார் மாஸ்டர். "மூணு நொடியில உப்பு வெச்சரோணும். உப்பப் பாத்துட்டா எவனும் எந்திரிக்க மாட்டான். அப்புறம் ஊறுகா, பொரியல், கூட்டு. முடிவில்லாம வரோணும்னா அது பாயசந்தான். போதும்னு கையக் குறுக்க வெக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கோணும்."

"ஃபோனுக்கு நுனி எதுங்க?" என்று ஆறுச்சாமி கேட்டார். நல்ல கேள்வி. அரைமணி நேரம் விவாதித்தார்கள். கேமரா இருக்கும் பக்கமே நுனி என்றும், நுனி இடது கைப்பக்கம் வரும்படி ஃபோனைப் படுக்கவைத்தே பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பானது.

அதுவரை வாய் திறக்காத மாரப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எல்லாஞ் சரி. தண்ணி தெளிக்காம எப்படிங்க பரிமாறறது?" என்று சொல்லிக்கொண்டே, மேஜைமேல் இருந்த பாட்டிலைத் திறந்து ரெஜினாவின் கம்ப்யூட்டர்மேல் தாராளமாகத் தெளித்து, துண்டால் அழுத்தித் துடைத்தார். திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கறுத்துப்போனது.

"பாத்தீங்களா, அதுல எத்தன கிறுக்கி வெச்சிருந்தாங்க! ஒரே துடைப்புல போயிருச்சு," என்றார் மாரப்பன் பெருமையாக.

ரெஜினா கோபப்படவில்லை, வாடிக்கையாளர் கேட்பதைச் செய்துகொடுப்பது அவள் தொழில். வேறு கம்ப்யூட்டருக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாட்டிலைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, கூடாரத்தைப் பற்றிச் சொன்னாள். அது இப்போதுதான் வந்த தளம், அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும், தன்னிடம் ஒரு அழைப்பு இருக்கிறது என்றாள்.

"புதுத் தளம்னா முதல் பந்தி," என்றார் செங்கோடன் கவலையாக. "சாம்பாரு கொதிக்கக் கொதிக்க வரும். வாய் வெந்துரும்."

"கடைசிப் பந்திக்குப் போனா?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"அப்பளம் இருக்காது. பழைய தளத்தையெல்லாம் பாருங்க. சித்தப்பனும் பெரியப்பனும் போடற காலை வணக்கந்தான் மிச்சம். அது மோருக்குச் சமம்."

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டாம் பந்தி. அதுதான் மரியாத. ஏம்மா, கூடாரத்துல இப்ப உக்காந்திருக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சுக் கை கழுவினதும் எங்களுக்குச் சொல்லியனுப்பு. அதுவரைக்கும் நீ உள்ள போயி, நம்ம பேரச் சொல்லி விசேசம் இருக்குதுன்னு மட்டும் சொல்லி வை."

ரெஜினா அப்படியே செய்தாள். வெப்சைட்டும் வியாழக்கிழமை தயாரானது.

அதன் லிங்கை அனுப்பினால் போதும் என்று அவள் சொன்னதை மட்டும் ஒருவரும் ஏற்கவில்லை. இலையைப் போட்டுவிட்டுப் பரிமாற ஆள் இல்லாமல் விடுவதா? வெள்ளிக்கிழமை காலை நால்வரும் வெள்ளை வேட்டி, இடுப்பில் துண்டோடு ராக்கியப்பன் வீட்டில் ஆஜரானார்கள். அவரைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, ஃபோனை மடியில் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்தார்கள். ஃபோன் நல்ல ஜாதி, பிழைத்துக்கொண்டது.

திரையில் உப்பு வந்தது. ராக்கியப்பன் தலையாட்டினார். ஊறுகாய் வந்தது. அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். கதவோரம் நின்ற சுகந்தி, வாயைப் பொத்திக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஆயிரம் பேர் பந்தியில் சோறு பற்றாமல் போனபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

அறுபத்திரண்டாவது பாயசத்தில் ராக்கியப்பன் கையைக் குறுக்கே வைத்தார். "போதும் மாப்ள, வயிறு நெறஞ்சிருச்சு. பொண்ணு உங்களுக்குத்தான்." சொல்லிக்கொண்டே, பக்கத்தை மூடுவதற்காகக் கட்டைவிரலால் அதை மேலே தள்ளினார்.

"ஐயோ!" என்று நால்வரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் மாஸ்டர். "எதிர்ப்பக்கமா மடிச்சுட்டீங்களே! எழவு வீட்டுலதானுங்க அப்படி மடிப்பாங்க. உறவு நெலைக்கோணும்னா நம்ம பக்கமா மடிக்கோணுமுங்க."

ராக்கியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவசரமாக மறுபடி திறந்து, இந்த முறை தன் பக்கமாகக் கீழே இழுத்தார். பக்கம் மூடவில்லை. சின்னதாக ஒரு சக்கரம் சுற்றியது. மறுபடியும் உப்பிலிருந்து எல்லாம் புதிதாக வந்து நின்றது.

"அடடே, அடுத்த இலை போட்டாச்சு!" என்றார் மாரப்பன்.

போட்ட இலையைத் தொடாமல் எழுவது எவ்வளவு பெரிய பாவம்! ராக்கியப்பன் உப்பிலிருந்து ஆரம்பித்தார். பாயசம் முடித்துத் தன் பக்கமாக இழுத்தார். அடுத்த இலை வந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது இலை ஆயிற்று.

"அப்பா, அந்த ஃபோன அணைச்சு வெச்சுட்டு எந்திரிங்க," என்றாள் சுகந்தி.

"சாப்பிடறவன் முன்னால இருந்து இலையப் புடுங்குவாங்களாம்மா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். அதற்குப் பதில் மாஸ்டருக்குத் தெரியும், புடுங்க மாட்டார்கள். ஆனால் அவர் எழாமல் தட்டு மாற்ற முடியாது, தட்டு மாற்றாமல் சுகந்தி இல்லை. மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆறுச்சாமிதான் வழி சொன்னார். "அவரு எந்திரிக்காட்டி என்னங்க? தட்டையும் மணவறையையும் அவரு நாற்காலிப் பக்கத்துல கொண்டாந்துரலாம்."

இவ்வளவு பெரிய மூளையை மைசூர்பாகு கிண்ட விட்டோமே என்று மாஸ்டர் வருந்தினார். ஆவணி மாசம் நல்ல முகூர்த்தத்தில், அந்தக் கூடத்திலேயே, நாற்காலிக்கு இடது பக்கம் மணவறை போட்டுச் சுகந்தி கழுத்தில் தாலி ஏறியது. ராக்கியப்பனுக்கு வலது கை பந்தியில் இருந்ததால் வாயாலேயே ஆசீர்வாதம் செய்தார்.

கல்யாணத்துக்கு ரெஜினாவும் வந்திருந்தாள். மணமக்களைப் பார்க்க முடியாதபடி ராக்கியப்பனின் நாற்காலிக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நீண்டிருந்தது. முன்னால் நின்றவர் நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"நீங்கல்லாம் எதுக்குங்க நிக்கிறீங்க?" என்று வரிசையின் கடைசி ஆளை அவள் கேட்டாள்.

"கூடாரத்துல மாஸ்டரு பேருல போட்டிருந்தாங்களே, வந்து பாருங்கன்னு. வெப்சைட் பாக்க வந்தோமுங்க. இங்கதான் பரிமாறறாங்கன்னு ஊருக்குள்ள சொன்னாங்க."

"அட, அதுக்கு ஏன் நிக்கணும்? உங்க சட்டைப் பையில ஃபோன் இருக்கே. அதுலயே பாக்கலாமே!"

அந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்ச புள்ளையாட்டம் இருக்கிறீங்க. அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற இலையில நான் எப்படியம்மா கை வெக்கிறது?"