எப்போது பிறந்தான் இளவரசன்?

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்பாறை நாட்டைக் கடம்பவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாலும் போகிறவர் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு அவன் ஆள் விட்டது மருத்துவச்சி காத்தாயிக்கு. எழுபது வயசுக்காரி. முந்தின நாள்தான் ராணிக்குப் பிரசவம் பார்த்து ஆண் குழந்தையைக் கையில் ஏந்தியவள். மனம் குளிர்ந்த ராணி தன் கைவளையலையே கழற்றிக் கொடுத்துவிட்டாள். பத்து மாதமாக வாழ்த்துப் பாடிய ஆலவாய்ப் புலவருக்குக் கிடைத்தது ஒரு சால்வை. மனுஷனுக்கு வயிறு எரியாதா? பிள்ளையே ஆகாதது என்று ஆகிவிட்டால், அதை ஏந்தியவளுக்கு வளையல் எதற்கு? அந்த எரிச்சலில் ராஜாவின் காதில் ஓதிவிட்டார்.

"கேட்டை நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளை, அரசே! தகப்பன் உயிருக்கு ஆகாது. பொழுது சாய்வதற்குள் காட்டில் விட்டுவிட வேண்டும்."

சபைக்குள் காலெடுத்து வைத்தபோதுதான் காத்தாயிக்கு விஷயமே தெரிந்தது. அரண்மனையில் நேரம் பார்க்கும் நாழிகைக்காரன் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தையின் தலை வெளியே வந்தது கேட்டையின் கடைசி நாழிகையில். அது அழுததோ கேட்டை கழிந்த பிறகு.

"அப்படியானால் எதைப் பிறப்பு என்பது?" என்றான் ராஜா. "முதலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள்."

"பிறத்தல் என்றால் வெளிப்படுதல், அரசே. தலை வெளிப்பட்டதுமே பிறந்தாயிற்று" என்றார் புலவர்.

"தை மாதமும்தான் பிறக்கிறது. அது எங்கே ஐயா தலையை நீட்டுகிறது?" என்றான் ராஜா.

சபை கொல்லென்று சிரித்தது. காத்தாயிக்குச் சிரிப்பு வரவில்லை. திரைக்குப் பின்னால் ராணி விம்முவது அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

புலவர் சளைக்கவில்லை. "அரசாணையும் பிறக்கிறது. தங்கள் வாயிலிருந்து வெளிப்பட்ட அந்தக் கணமே பிறந்துவிடுகிறது. கேட்டவன் தலையாட்டட்டும் என்று அது காத்திருக்கிறதா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பலே! வெளியே வருவதே பிறப்பு. காத்தாயி, தலை வந்தது கேட்டையில்தானே?"

காத்தாயி யோசித்தாள். பொய் சொன்னால் நாழிகைக்காரன் காட்டிக்கொடுப்பான். மெய் சொன்னால் பிள்ளை காட்டுக்குப் போகும். இன்னொரு மெய்யும் அவளிடம் இருந்தது. அதை வெளியே விடமாட்டேன் என்று ராஜாவின் அம்மாவான பழைய மகாராணியிடம் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள். சொன்னால் தலை தப்பாது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க மகராசா, கேட்டையிலதான். ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பொருளு இந்தக் குழந்தைக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"சொல்லுக்கு ஆளுக்கொரு பொருளா? எனக்கும் அதே பொருள்தான்!"

"அப்போ நீங்களும் கேட்டையிலதான் பொறந்தீங்க, சாமி."

வாசலில் நின்ற வீரனின் கை வாளுக்குப் போயிற்று.

"பொய்!" என்று கத்தினார் புலவர். "அரசர் பிறந்தது ஆவணி ரோகிணியில்! ஊரே முரசு கொட்டிய நாள்!"

"அது முரசு கொட்டின நாளுங்க. உங்களுக்கு முந்தி ஆறு புள்ளைங்க தங்கலை, சாமி. ஏழாவதா நீங்க கேட்டையில வந்தீங்க. அப்பவும் ஒரு சோசியர் காட்டுல விடச் சொன்னாரு. உங்க அப்பா கேக்கலை. எமனை ஏமாத்த உங்களை மொறத்துல போட்டு ஒரு படி தவிட்டுக்கு எனக்கு வித்தாங்க. மூக்கைக் குத்தி, என் குடிசையிலேயே வெச்சிருந்தேன். கெட்ட நாளெல்லாம் கழிஞ்சுதான் திருப்பிக் கொடுத்தேன். அன்னிக்குத்தான் முரசு கொட்டினாங்க."

ராஜாவின் கை தானாக மூக்குக்குப் போயிற்று. சின்ன வயதில் எதிரியின் அம்பு உரசியது என்று அவன் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்ட வடு அங்கே இருந்தது.

"என் அப்பா..." என்றான்.

"அதுக்கப்புறம் முப்பத்திரண்டு வருசம் இருந்தாரு, சாமி. உங்களுக்குக் குதிரை ஏறக் கத்துக்கொடுத்தாரு."

ராஜா எழுந்து நின்றான். இதோ வெட்டச் சொல்லப்போகிறான் என்று காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவன் திரும்பியது புலவர் பக்கம்.

"ஆண்டுதோறும் என் ரோகிணி ஜாதகத்தைப் பாடினீரே. கிரகமெல்லாம் கண்முன்னே நிற்கிறது என்றீரே. எந்தக் கிரகம் ஐயா நின்றது?"

புலவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என் பிள்ளையையும் இன்றைக்கே தவிட்டுக்கு விற்கிறேன். வாங்கப்போவது நீர்தான். ஒரு மாதம் உம்முடைய வீட்டில் ராணியும் பிள்ளையும் இருப்பார்கள். தொட்டிலை நீர்தான் ஆட்ட வேண்டும். பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் கேள்வி உம்மிடம்தான்."

சபை நடுவிலேயே முறம் வந்தது. புலவர் தவிட்டை அளந்து கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். வாங்கிய கையோடு குழந்தை அந்தப் புதுச் சால்வையை நனைத்துவிட்டது. இந்தமுறை ராணியும் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்தான். காத்தாயி ஓர் அடி பின்வாங்கினாள்.

"உன் குடிசையில் என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாய்?"

சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். "குப்பை... குப்பைன்னு, சாமி. அந்தப் பேரு வெச்சாத்தான் எமன் சீண்டமாட்டான்னு சொல்லுவாங்க."

ராஜா அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றான்.