பென் டிரைவில் இல்லாத அக்கா

"காணோம். பன்னிரண்டு நிமிஷமும் காணோம்!"

தவசிமுத்து மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவர். பதிவுசெய்த ஒலியைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டக் கற்றுக்கொள்ள வந்து மூன்று மாசம் ஆகிறது. கற்றுக்கொடுக்கிற பெனாசிருக்கு இருபத்திரண்டு. ஆனாலும் அவள்தான் குரு. அதில் மட்டும் அவருக்குக் குழப்பமில்லை.

"எது காணோம் அண்ணாச்சி?"

"அக்கா குரல். நேத்து நெட் சென்டர்ல உக்கார வச்சுப் பதிஞ்சேன். மீன் குழம்பு வைக்கது எப்படின்னு சொல்லச் சொன்னேன். பாதி குழம்பு, பாதி எனக்குத் திட்டு."

அக்கா பொன்னுத்தாய்க்குத் தொண்டையில் கட்டி. நாளைக் காலை எட்டு மணிக்குக் குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள்.

பெனாசிர் பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். சாப்ட்வேர் இருந்தது. எங்கே செருகினாலும் ஓடுகிற போர்ட்டபிள் வகை. வெட்டின இடம், ஒட்டின இடம் பற்றிய குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒலி மட்டும் இல்லை.

"சாப்ட்வேரைக் கொண்டாந்துட்டீங்க. குரலை அந்த மெஷின்லயே விட்டுட்டீங்க."

"அங்க கேட்டுட்டேன். ராத்திரி மெஷினை அணைச்சா எல்லாத்தையும் அழிச்சிருமாம்."

தவசிமுத்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நீ பதில் சொல்லு தாயி. என் லேப்டாப்புல இன்ஸ்டால் பண்ணிப் பதிஞ்சிருந்தா இருந்திருக்குமா? ஒருத்தன் போர்ட்டபிள்தான் நல்லதுங்கான். இன்னொருத்தன் அதெல்லாம் வாடகை வீடு மாதிரிங்கான். எதுதான் சரி? மண்டை காயுது."

பெனாசிர் பென் டிரைவைப் பிடுங்கி டிராயரில் போட்டாள். அவருடைய லேப்டாப்பை மூடினாள்.

"அக்கா எங்க இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியில. நேத்து ராத்திரியே சேத்தாச்சு. ஆறு மணி வரைக்கும் பாக்க விடுவாங்க."

"பேசுதாங்களா?"

"பேசாம இருப்பாளா? காலையில பக்கத்து பெட்காரிகிட்ட ஒரே சண்டை."

"இப்ப மணி என்ன?"

"நாலரை."

"சட்டைப்பையில என்ன இருக்கு?"

"போன்."

"எந்திரிங்க. போங்க."

"போறேன். பதிலைச் சொல்லு."

"சொல்லியாச்சு அண்ணாச்சி."

தவசிமுத்து எழுந்தார். எதைச் சொன்னாள், எப்போது சொன்னாள்? ஒன்றும் புரியவில்லை. வாசல் வரை போனார். செருப்பைக்கூட மாட்டிவிட்டார்.

பிறகு கழற்றினார்.

"போன்ல பதிஞ்சா இரைச்சல் வரும் தாயி. இதுலயே இன்ஸ்டால் பண்ணி எடுத்துட்டுப் போயிருதேன். ஒரு அஞ்சு நிமிஷம்."

லேப்டாப்பைத் திறந்து டவுன்லோடைத் தட்டினார். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அந்தத் தெருவில் நெட் எந்த லட்சணம் என்று அவருக்கே தெரியும்.

பெனாசிர் மறுபடி ஒருமுறை, "போங்க" என்றாள்.

"இந்தா, முடிஞ்சிரும்."

ஐந்தே முக்காலுக்குக் கோடு தொண்ணூற்றொரு சதவீதத்தில் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.