மூணு மாடி

செலின் அக்காவ என் குருன்னு சொன்னா அவங்க கைகொட்டிச் சிரிப்பாங்க. "குருவா? போடா. ஆசிரமமா நடத்தறேன்? பார்ல சரக்கு ஊத்தறேன்"பாங்க. ஆனா நான் கேட்ட கேள்விக்கு ஒரு தடவகூட நேராப் பதில் சொன்னதில்ல. அத வச்சே முடிவு பண்ணிட்டேன், இவங்க குருதான்னு.

பாண்டிச்சேரியில, கடற்கரைக்குப் பின்னால ஒரு தோட்டம் வச்ச பாரு. அதுல கவுன்ட்டர் பூரா அக்கா ராஜ்ஜியம். நான் கடலூர் காலேஜ்ல கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். சனி ஞாயிறு மட்டும் அக்காகிட்ட வேல. அதுக்கு முன்னால ரெண்டு ஓட்டல்லேர்ந்து என்னத் தொரத்திட்டாங்க. ரெண்டுக்கும் காரணம் என் வாய்தான். பீர்ல ஐஸ் போடச் சொன்ன ஒரு ஆளுகிட்ட, "கொஞ்சம் குழாய்த் தண்ணியும் ஊத்தட்டுமா சார்?"னு கேட்டேன். அந்த ஆளு முதலாளியோட மச்சானாம். நெத்தியில எழுதியா ஒட்டியிருந்தான்?

அக்காவுக்கு கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை பரணி அண்ணன், வேலூர் பக்கம். காலையில சர்ச்சுல கல்யாணம், சாயங்காலம் நம்ம பாரு தோட்டத்துலயே பார்ட்டி.

"கல்யாணப் பொண்ணு கவுன்ட்டர்ல நிக்க முடியாதே. யாரு ஊத்தப் போறாங்க?"ன்னு கேட்டேன்.

"சென்னையிலேர்ந்து ஒருத்தன வரச்சொல்லலாம்னு முதலாளி சொல்றாரு."

"ஏன், நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கே. உன் வாயும் இருக்கே."

"வாயால ஊத்தப் போறதில்லக்கா."

"சரி மாறா, நீயே ஊத்து. ஆனா ஒண்ணு. என் கல்யாணத்துல ஒரு கெஸ்ட்டுகிட்ட நீ சண்ட போட்டேன்னு காதுல விழுந்துச்சு, அடுத்த சனிக்கிழமை இந்தப் பக்கம் வராத."

"யாருகிட்டயும் போட மாட்டேன்."

"இப்ப என்கிட்ட போடறியே, அது?"

"இது சண்ட இல்ல. விவாதம்."

அந்தப் பார்ட்டிக்குன்னு அவங்க சொல்லிக்குடுத்ததுதான் 'மூணு மாடி'. பேரும் அவங்க வச்சதுதான். சின்ன ஷாட் கிளாஸ். அடியில காபிப் பாகு. டிகாஷன்ல சக்கரை போட்டு, தேன் மாதிரி ஆகற வரைக்கும் காய்ச்சினது. அது மேல க்ரீம். எல்லாத்துக்கும் மேல ரம். கருப்பு, வெள்ள, செவப்பு. ஒண்ணு இன்னொண்ணத் தொடலாம், உள்ள போகக் கூடாது. ஸ்பூனக் கவுத்துப் புடிச்சு, அதோட முதுகு மேல நூல் மாதிரி ஊத்தணும்.

"இவ்ளோதானா?"ன்னேன். "அடர்த்தி அதிகமானது அடியில, கம்மியானது மேல. எங்க லேப்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குக் குடுக்கற வேலக்கா இது."

"அப்ப ஊத்து."

ஊத்தினேன். அக்கா கிளாஸ வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க.

"மழ பேஞ்ச பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு."

மறுபடியும் ஊத்தினேன். மறுபடியும் பஸ் ஸ்டாண்டு. எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிடுச்சு.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். உயிரக் குடுத்து இத அடுக்கறோம். குடிக்கறவன் என்ன பண்ணுவான்? அண்ணாந்து ஒரே மடக்கு. தொண்டையத் தாண்டினதும் எல்லாம் ஒண்ணு. எப்பிடியும் கலக்கப் போறத எதுக்கு அடுக்கணும்?"

அக்கா என் கையில இருந்த கிளாஸக் காட்டினாங்க. பேசிக்கிட்டே ஊத்தின ரம், க்ரீம்ல ஓட்ட போட்டுக்கிட்டு அடிவரைக்கும் எறங்கியிருந்தது.

"இது பதில் இல்ல"ன்னேன்.

"பதில்னு நான் சொன்னேனா? கிளாஸக் கழுவு."

அடுத்த நாளும் கேட்டேன். அக்கா புடவ பார்டருக்கு ஃபால்ஸ் தச்சிக்கிட்டு இருந்தாங்க.

"பேசாம ஊத்தினா கை நிக்குதுடா மாறா."

"பேசிக்கிட்டே நிக்க வைக்கறேன், பாருங்க."

"ஐயோ, இதுக்குமா போட்டி?"

அவங்க சிரிக்கச் சிரிக்க எனக்கு வெறி ஏறிச்சு. காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு வந்து ஊத்தினேன். முதலாளியத் திட்டிக்கிட்டே ஊத்தினேன். எங்க ஹெச்.ஓ.டி.யத் திட்டிக்கிட்டே ஊத்தினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், அக்காவையே திட்டிக்கிட்டு ஒரு ட்ரே பூரா ஊத்திக் காட்டினேன். கோடு போட்ட மாதிரி நின்னுச்சு மூணு மாடியும். அக்கா ஒவ்வொரு கிளாஸா குனிஞ்சு பாத்தாங்க. குத்தம் சொல்ல ஒண்ணும் கெடைக்கல.

"நல்லாத் திட்டறடா"ன்னாங்க.

பார்ட்டி அன்னிக்கி தோட்டத்துல சீரியல் லைட்டு, பேண்டு வாத்தியம், வறுத்த இறா வாசன. பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் மேடைக்கு இந்தப் பக்கம். கோட்டு, தொப்பி, தாத்தாங்க எல்லாம் டான்ஸ். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாதாம் மரத்தடியில சேரப் போட்டு, வேற ஊரு எலெக்‌ஷன் மீட்டிங்குக்குத் தப்பா வந்துட்ட மாதிரி உக்காந்திருந்தாங்க. அவங்க இவங்களப் பாத்தாங்க. இவங்க அவங்களப் பாத்தாங்க. நடுவுல ஒரு பூனதான் ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துச்சு.

நான் முதல் ட்ரேய ஊத்தி முடிச்சேன். சத்தியமாச் சொல்றேன், அப்பிடி ஒரு ட்ரேய நான் பாத்ததே இல்ல. அத நானே எடுத்துக்கிட்டு வாதாம் மரத்தடிக்குப் போனேன்.

முதல் கிளாஸ எடுத்தது தனபாக்கியம் அத்தை. பரணி அண்ணனோட அத்தை. பெரிய ஜரிகப் புடவ, கையில தின்னு முடிச்ச ஐஸ்க்ரீம் கப்பு. கிளாஸக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாங்க. நான் பாராட்டுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்.

"தம்பி, சரியாக் கலக்காம கொண்டாந்துட்டியே."

சொல்லிட்டு, ஐஸ்க்ரீம் தின்ன மரக்குச்சிய எடுத்து, மூணு மாடிக்குள்ள விட்டு, கரகரன்னு ஒரு சுத்து சுத்தினாங்க.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலயா? கலக்கறேன். சக்கரை பூரா அடியிலயே நிக்குது."

"அது அங்கதான் நிக்கணும்!"

"எதுக்கு?"

அது என் கேள்வி. ஒரு வாரமா நான் கேட்டுக்கிட்டிருந்த கேள்வி.

"பாக்க... அழகா இருக்கறதுக்கு."

"பாத்துட்டேன். அழகாத்தான் இருந்துச்சு." இன்னொரு சுத்து.

"இது பாயசம் இல்லம்மா. ரம்மு!"

"தெரியாமயா கலக்கறேன்? எங்க வீட்டுக்காரரு மிலிட்டரி. பதான்கோட் குளிர்ல கடுங்காப்பியில ரம்ம விட்டுக் கலக்கிக் கலக்கியே என் வயசு போச்சு. நீ எனக்கு ரம்மு சொல்லித்தர்றியா?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அங்கயே நான் திரும்பியிருக்கணும். திரும்பல.

"அடர்த்தின்னு ஒண்ணு இருக்கும்மா. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான் சாமி. ஐஸ்க்ரீம் குச்சிக்குத் தாங்காத அடர்த்திய வச்சுக்கிட்டு நீதான் என்ன பண்ணப் போறே?"

மரத்தடியே குலுங்கிச்சு. பக்கத்துல ஒரு பெருசு சேர்லேர்ந்து நழுவி விழப் பாத்தாரு. அத்தை அந்த ஷாட்ட டீ குடிக்கற மாதிரி உறிஞ்சிக் குடிச்சிட்டு, "இப்பதான் வாய்க்கு நல்லாருக்கு. ஏய், ஆளுக்கொரு குச்சி எடுங்க"ன்னாங்க. அவங்கவங்க கப்புலேர்ந்து குச்சிகள் வந்துச்சு. ட்ரேயில இருந்த ஒவ்வொரு கிளாஸுக்குள்ளயும் ஒரு குச்சி எறங்கி என் கண்ணு முன்னாலயே சுத்திச்சு.

இந்தச் சிரிப்பக் கேட்டுட்டு பொண்ணு வீட்டுப் பக்கத்துலேர்ந்து தொப்பி போட்ட ஒரு தாத்தா எந்திரிச்சு வந்தாரு. "எனக்கும் ஒரு குச்சி கெடைக்குமா?"ன்னு கேட்டாரு. அத்தை ட்ரேயிலேர்ந்து ஒரு கிளாஸ எடுத்து, அவங்களே இன்னொரு சுத்து கலக்கிக் குடுத்தாங்க.

நான் ட்ரேய அங்கயே வச்சிட்டு ஏப்ரனக் கழட்டினேன்.

அக்கா கவுனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, செருப்ப எங்கயோ விட்டுட்டு, பேண்டுக்கு முன்னால ஆடிக்கிட்டு இருந்தாங்க.

"அக்கா, நான் வர்றேன்."

"எங்கடா?"

"வீட்டுக்கு. கெஸ்ட்டுகிட்ட சண்ட போட்டுட்டேன். இனிமே சனிக்கிழமை வரல."

"யாருகிட்ட?"

"அண்ணனோட அத்தைகிட்ட."

"ஐயையோ. என்ன சொன்னே?"

"உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னேன்."

அக்கா ஆடறத நிறுத்திட்டாங்க. "யாரு ஜெயிச்சா?"

"அவங்க."

"அப்ப அது சண்ட இல்லடா. டியூஷன்."

"சிரிக்காதீங்கக்கா! அங்க பாருங்க, ஒரு கிளாஸ விடல. எல்லாத்தையும் கலக்கிட்டாங்க. ஐஸ்க்ரீம் குச்சிக்கா! ஐஸ்க்ரீம் குச்சியால!"

அக்கா திரும்பிப் பாத்தாங்க. வாதாம் மரத்தடியில இப்ப உக்காந்திருக்கவே இடம் இல்ல. இந்தப் பக்கத்துச் சேரெல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தது. தொப்பி இப்ப அத்தையோட தலையில இருந்துச்சு. தாத்தா அவங்களுக்கு ஏதோ ஸ்டெப்பு சொல்லிக்குடுக்க, அவங்க கையில குச்சியோட ஆடிக்கிட்டு இருந்தாங்க. பரணி அண்ணன் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

அக்கா வெறுங்காலோட அங்க நடந்தாங்க. நான் பின்னாலயே போனேன். என் பக்கம் பேசத்தான் போறாங்கன்னு நெனச்சேன். அத்தை ஒரு கிளாஸ நீட்டினாங்க. சேத்துக் கலர். பஸ் ஸ்டாண்டேதான். அக்கா வாங்கி, அண்ணாந்து, ஒரே மடக்கு. உதட்டத் தொடச்சிக்கிட்டு, "பிரமாதம் அத்தை"ன்னாங்க.

"அக்கா!"ன்னு கத்தினேன். "இது நியாயமா?"

"என்னடா நியாயம்?"

"நான் ஊத்தறப்பக் கலந்துட்டா பஸ் ஸ்டாண்டு. அவங்க கலக்கினா பிரமாதமா?"

அத்தை என் தலையில தட்டி, "கோவக்காரப் புள்ள. இதையும் கொஞ்சம் கலக்கணும்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அடக்கிக்கிட்டேன். கோவம் இன்னும் பாக்கி இருந்துச்சு.

"கடைசியாக் கேக்கறேன்க்கா. இதுக்காவது நேராப் பதில் சொல்லுங்க. நான் எவ்ளோ ஒழுங்கா அடுக்கினாலும் இவங்க கலக்கத்தான் போறாங்க. அப்பறம் நான் எதுக்கு அடுக்கணும்?"

அக்கா என் கையில சுருட்டி வச்சிருந்த ஏப்ரன வாங்கி, ஒதறி, என் கழுத்துல மாட்டி, பின்னால முடிச்சும் போட்டாங்க.

"போ. அடுத்த ட்ரேயும் அதே மாதிரி அடுக்கிக் கொண்டா. நீயே கலக்கிக் கொண்டாந்துட்டா, இவங்க என்னத்தடா கலக்குவாங்க?"