அசைக்கக் கூடாத கை

இந்தக் கதையில் சிஷ்யருக்குத்தான் வயது அதிகம். குருவுக்குத் தலையில் ஒரு நரை கிடையாது.

குரு, விருதுநகர் வக்கீல் சகாயமேரி. விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு நடத்துகிறவர். சிஷ்யர் ராமபத்திரன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆயுசெல்லாம் உழைத்து, ஓய்வு பெற்ற பிறகு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சகாயமேரியிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். ராமபத்திரன் மேடம் என்று கூப்பிடுவார். சகாயமேரி சார் என்பார். யாரிடம் யார் தொழில் படிக்கிறார்கள் என்று கோர்ட்டில் பலபேருக்குப் புரியவே நாளாயிற்று.

அன்று காலை பரோட்டா மாஸ்டர் மயிலேறி தன் மனைவி செண்பகவல்லியோடு ஆபீசுக்கு வந்தார். சைக்கிளில் போன மனுஷனை ஒரு லோடு வேன் தட்டிவிட்டிருந்தது. வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்திருந்தார்கள். கையில் எவ்வளவு ஊனம் என்று அன்று மத்தியானம் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் எழுதும். சதவீதம் ஏற ஏற நஷ்டஈடும் ஏறும்.

சகாயமேரி டீ வரவழைத்தார்.

"வாங்கிக்கோங்க மாஸ்டர்."

மயிலேறி இடது கையை நீட்டினார்.

"வலது கைக்கு என்ன? எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரே."

செண்பகவல்லி பதறிக் குறுக்கே வந்தாள். "ஐயையோ, வேண்டாம்மா! அசைக்கக் கூடாது."

"யார் சொன்னது?"

"நம்ம சார்தான்." ராமபத்திரனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "ஆஸ்பத்திரியில பந்தை அமுக்கு, விரலை மடக்குன்னு சொல்லிவிட்டாக. அதெல்லாம் குழு பாத்த பொறகு செஞ்சுக்கலாம்னு சார் சொல்லிட்டாக. ஒத்த விரலை அசைய விடலையே நான்! சோறு ஊட்டுறதுகூட நான்தான். தூக்கத்துல இவுக மடக்குனாலும் தட்டி நிமித்தி விட்டுருவேன்."

"கல்யாணமான புதுசுலகூட இவ என்னை இப்படிக் காவல் காத்ததில்லம்மா," என்றார் மயிலேறி.

அவள் அவர் தோளில் இடித்தாள். ராமபத்திரனும் சேர்ந்து சிரித்தார்.

சகாயமேரி எழுந்து வந்து மயிலேறியின் வலது கையைத் தூக்கினார்.

"மடக்குங்க."

மயிலேறி மனைவியைப் பார்த்தார். மனைவி ராமபத்திரனைப் பார்த்தாள்.

"மடக்குங்க மாஸ்டர்."

மயிலேறி முயன்றார். நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல்கள் விறகாட்டம் நின்றன.

"மடங்க மாட்டேங்குதே," என்றார், யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

"வெளையாடாதீக. நல்லா மடக்குங்க." செண்பகவல்லி தானே விரலைப் பிடித்து மடக்கப் பார்த்தாள். அவர் அலறினார். அவள் கையை உதறிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

சகாயமேரி திரும்பினார். "சார்?"

ராமபத்திரனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "மேடம், நான் அந்தப் பக்கம் இருந்தவன். அசையுற விரலுக்கெல்லாம் எப்படித் தொகையை வெட்டுவாங்கன்னு தெரியும். நானே வெட்டியிருக்கேன். குழு பாக்குற வரைக்கும் கொஞ்சம் விறைப்பா இருக்கட்டும்னு... இவருக்காகத்தானே சொன்னேன்? கட்சிக்காரருக்குக் கூடுதலா வாங்கித் தர்றதுதானே நம்ம வேலை?"

சகாயமேரி படியிறங்கிப் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

ஆட்டோவில் செண்பகவல்லி மெல்லக் கேட்டாள். "கை சரியாப் போனா கேஸு தோத்துருமாம்மா?"

"ஆஸ்பத்திரிச் செலவு, பட்ட வலி, வேலைக்குப் போகாத மாசம், எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கோம். கை சரியானா அதெல்லாம் இல்லேன்னு ஆயிடுமா?"

"சார் இதைச் சொல்லலியே."

முன்சீட்டில் டிரைவரை ஒட்டி உட்கார்ந்திருந்த ராமபத்திரன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவக் குழு உட்காரும் அறை வாசலிலேயே இருந்தது. சகாயமேரி அதைத் தாண்டி, எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு அவர்களைக் கூட்டிப் போனார். அங்கிருந்த பெண் மயிலேறியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நாளா வரல?"

அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மயிலேறியை உட்காரவைத்தாள்.

"வலிக்கும். யாராவது முழங்கையை ஆடாமப் பிடிங்க."

செண்பகவல்லி முன்னால் வந்தாள்.

"நீங்க இருங்க," என்றார் சகாயமேரி. "சார் பிடிப்பார்."

ராமபத்திரன் பிடித்தார். அந்தப் பெண் சுட்டுவிரலை அழுத்தினாள். மயிலேறி போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த விரல். அதற்கடுத்தது.

"காய்ஞ்ச கல்லுல கை வச்சவன் சார் நான். இது தாங்கலையே சார்," என்று மயிலேறி அழுதார். அவர் உடம்பு நடுங்கினது ராமபத்திரனின் கை வழியாக ஏறியது.

"இவுக மறுபடி மாவு வீசுவாகளா?" செண்பகவல்லி கேட்டாள்.

"கொஞ்சம் வரும். முழுசா வருமான்னு இப்பக் கேக்காதீங்க," என்றாள் அந்தப் பெண்.

செண்பகவல்லி சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே தட்டித் தட்டி விட்டேன்," என்றாள். "நான்தானே."

வெளியே மயிலேறியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மருத்துவக் குழு வந்துவிட்டது.

ராமபத்திரன் வாசலைப் பார்த்தார். "மேடம், இந்தக் கையைக் காட்டினா பெரிய சதவீதம் எழுதுவாங்க. காட்டவா, வேண்டாமா?"

"வேன் எதை உடைச்சுது சார்?"

"மணிக்கட்டை."

"விரலை?"

ராமபத்திரன் தலை குனிந்தார்.

"நஷ்டஈடு தரவேண்டியவங்கன்னு மனுவில ரெண்டு பேரைக் காட்டியிருக்கோம். முதல் எதிர்மனுதாரர் வேன் முதலாளி. ரெண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி," என்றார் சகாயமேரி. "இந்த விரல்களுக்கு, மூணாவதா உங்க பேரை எழுதவா, வக்காலத்துல கையெழுத்துப் போட்ட என் பேரை எழுதவா?"

வெளியே இன்னொரு முறை கூப்பிட்டார்கள். ராமபத்திரன் பிடித்திருந்த முழங்கையை விடவில்லை.