கரியில்லாத புகை

1932 ஆவணியில், முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டிய நூல் மில்லில் மிச்சமிருந்தவர் பாய்லர்காரர் நஞ்சப்பன் ஒருவர்தான். முதலாளி சிவசைலம் இப்போது சட்டசபை மெம்பர். உலகமே வியாபார மந்தத்தில் கிடந்தாலும் தன் மில் ஓடுகிறது என்று சபையில் அளந்திருந்தார். அதை நம்பி மந்திரி மில்லைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

"நாளைக்குப் புகை வரணும். இருக்கற கரியில ஒரு துண்டு குறையக் கூடாது. இல்லேன்னா நீயும் வீட்டுக்குப் போ," என்றார் முதலாளி.

"ஆகட்டுங்க."

மறுநாள் புகை பிரமாதமாக எழுந்தது. கூடவே பாதி கருகிய காகிதங்களும் பறந்து வந்தன. மந்திரி தன் மாலைமேல் விழுந்த ஒன்றை எடுத்துப் படித்தார்: "சிவசைலத்துக்கு ஓட்டுப் போட்டால் ஒருவர் வேலையும் போகாது."

"எதைடா எரிச்சே?" என்று சீறினார் முதலாளி.

"கிடங்கு நிறைய உங்க தேர்தல் நோட்டீசுதானுங்க இருந்துச்சு. நல்லா எரியுதுங்க," என்றார் நஞ்சப்பன்.

மந்திரி வருவது கேட்டு வாசலில் கூடி நின்ற அந்த முந்நூறு பேரும் சிரித்தார்கள். மந்திரி சிரிக்கவில்லை. "மில்லை எப்போது திறப்பீர்?" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் சிவசைலம் ஒரு தேதி சொல்ல வேண்டியதாயிற்று.

அக்டோபர் 17, திங்கட்கிழமை மில் திறந்தது.